ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ்

1

இந்தக் கதை முதலில் ஒரு மன்னிப்புக் கடிதமாக இருந்தது. கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம். எங்கள் சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் ரெனிஷாவுக்கு எழுதினேன். அவளுக்கு மார்த்தாண்டத்தில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முறிவு எங்கே என்று தேடுபவள்போல வாசித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"சார், இதுல பாதி பொய்யாக்கும். பேசாம கதையா எழுதிருங்க. கதைன்னா பொய்யுன்னு எல்லாருக்கும் தெரியும்லா, யாருக்கும் சேதமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், குமாரதாஸ். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். (வாசித்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.) போதாததற்குச் சபைக் கமிட்டியின் செயலாளர் வேறு. கதை எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பகுதியையும் அவளிடம் காட்ட வேண்டும். அவள் பென்சிலால் எழுதுவதை நான் அழிக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன். அவள் பேச்சில் வரும் அடைப்புக்குறிகள் எல்லாம் அவள் பென்சில். என் மானம் போகிற இடங்கள் அவை. நீங்கள் தாண்டிப் போனால் சந்தோஷப்படுவேன்.

2

தொடக்கம் அ: "சிதறால் மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல—"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர் சிதறால் பக்கம்தான், சூரியனும் உண்டுதான். இந்தக் கதையில் அதற்கு வேலையில்லை.

தொடக்கம் ஆ: "இசை என்பது மனித ஆன்மாவின்—"

சே. இப்படித் தொடங்குகிறவனை என் வகுப்பில் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவேன்.

தொடக்கம் இ: "ங்ங்ங்ங்ங்ங்."

இது சரி. உண்மையிலேயே இப்படித்தான் தொடங்கியது, போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆராதனையில் பிரசங்கம் முடிந்ததும் ஐந்து நிமிடம் மௌன ஜெபம். அன்று அந்த அமைதிக்குள் ரெனிஷாவின் ஆம்பிளிஃபயரிலிருந்து இரைச்சல் கிளம்பியது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அதே சத்தம். அதற்கு மேலே கொசு பாடுகிற மாதிரி ஒரு கீச்சு. எல்லோரும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தோம். அப்போது ஆம்பிளிஃபயருக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல்: "தென் கடலோரத்தில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச்—"

(ரேடியோ ஒண்ணும் கேக்கல்ல சார். வெறும் இரைச்சல்தான். மீனவங்கள எதுக்கு இழுக்கீங்க?)

சரி, ரேடியோ கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். இந்தச் சாமான்களில் சிலது வானொலியையும் பிடித்துவிடும் என்று அவளே ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். கதாசிரியனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

3

ஒரு வில்லன் வேண்டுமே. ஞானையனை எடுத்துக்கொண்டேன். ரப்பர் எஸ்டேட்டில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கமிட்டியில் மூத்தவர். "ஞானையனின் புருவங்களுக்குக் கீழே இரண்டு கனல்கள்—" என்று எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அந்த மனிதருக்குப் புருவமே கிடையாது, நரைத்து உதிர்ந்துவிட்டது. யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் போய் நாற்காலி இறக்குகிறவர். அவரை வில்லனாக்க வேண்டுமென்றால் நான் கற்பனையில் நிறைய உழைக்க வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் கமிட்டி கூடியபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"வாரத்துல அஞ்சு நிமிசம் நான் சும்ம இருப்பேன். வீட்டுல டி.வி., ரோட்டுல டெம்போ. அந்த அஞ்சு நிமிசமும் இப்ப கரண்டு கம்பிக்கு அடியில நிக்க மாதிரி ஆயிப்போச்சு. கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு உண்டுல்லா? பொத்தான அமுக்குனா போதும். பின்ன எதுக்கு இந்த எளவு?"*

நியாயமான வருத்தம்தானே? அதனால்தான் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை ஞாயிறுவரை இரண்டு வாரம் அவகாசம் என்று முடிவாயிற்று. அன்று மௌன ஜெபத்தில் இரைச்சல் கேட்டால், அதோடு பாடகர் குழுவில் கிட்டார் கிடையாது. அறிவிப்பை நான் தட்டச்சு செய்து, நான் கையெழுத்திட்டு, நானே பலகையில் ஒட்டினேன்.

எங்கள் சபையில் கிட்டார் எடுத்த முதல் பெண் ரெனிஷா. அந்தப் பண்டிகைக்கென்று ஒரு பாட்டுக்கு அவளே மெட்டு போட்டிருந்தாள். கடைசியில் எட்டு வரி கிட்டார் மட்டும். அறிவிப்பை நின்று வாசித்துவிட்டு "சரி" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

* கிட்டார் வாசிக்கிறவரிடம் "கீபோர்டிலேயே அந்தச் சத்தம் உண்டு" என்பதைவிடக் கொடிய சொல்லைச் சொல்லவே முடியாது. சந்தேகமிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள்.

4 (கட்டுரைபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்)

பெடல் என்றால் சைக்கிள் பெடல் அல்ல. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, தரையில் கிடக்கும். கிட்டாரிலிருந்து வருகிற ஒயர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கமாக ஆம்பிளிஃபயருக்குப் போகும். காலால் மிதித்தால் இடையில் சத்தம் வேறாகும். ரெனிஷாவிடம் மூன்று இருந்தன. ட்யூனர், சுருதி பார்க்க. ஃபஸ், சத்தத்தைச் சொரசொரப்பாக்க. மூன்றாவது டிலே. ஒரு சுரத்தை வாசித்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெல்ல. அதற்குப் பிரமாதமான ஓர் உவமை வைத்திருந்தேன். பென்சில் அடித்துவிட்டது.

மூன்றுக்கும் தீனி ஒன்பது வோல்ட். சொருகும் பின்னில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். வேறு பல சாமான்களுக்கு நடுவில் பிளஸ் இருக்கும், பெடல்காரர்கள் தலைகீழ். இந்த விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

(சொன்னேன் சார். ரெண்டு தடவ.)

ரெனிஷாவின் மூன்று பெடல்களும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்த ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் திருப்பித் திருப்பிப் படம் எடுப்பவள் அல்லவா? ஒரு வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து அதே பொறுமையோடு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். ட்யூனரைக் கழற்றினால் இரைச்சல் அப்படியே. ஃபஸ்ஸைக் கழற்றினாலும் கீச்சு நிற்கவில்லை. டிலேயின் மின்சாரத்தைப் பிடுங்கிய கணத்தில் கீச்சு போய்விட்டது.

தேங்காய்ப்பட்டணத்து முகம்மது மீரானைக் கூப்பிட்டாள். சொந்தமாக மைக்செட் வைத்திருப்பவர், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். பள்ளிவாசல் விழா, கோயில் கொடை, எங்கள் பண்டிகை, எல்லாவற்றிலும் அவருடைய பெட்டிகள்தான் பேசும்.

"டிலேக்குள்ள குட்டி கம்ப்யூட்டரு ஒண்ணு கெடக்கு மக்கா," என்றார் மீரான். "அவன் ஓடும்பம் கரண்டக் கலக்கி உடுகான். ஒரே பைப்புல மூணு வீட்டுக்குத் தண்ணி. ஒருத்தன் மோட்டாரு போட்டா மத்த ரெண்டு வீட்டுலயும் கலங்கலுதான் வரும்."

"அப்ப மூணுக்கும் தனித்தனியா குடுக்கணும், இல்லியா காக்கா?"

"அதுக்குன்னு பெட்டி உண்டு. ஆர்டரு போட்டா உங்க பண்டிக கழிஞ்சு வரும்."

அங்கேதான் எங்கள் சபையின் ஒரு வினோத வழக்கம் கைகொடுத்தது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பண்டிகைப் பிரசங்கத்தில், "ஆகையால் பிரியமானவர்களே" என்ற இடத்தில் ஒயரில்லாத மைக் செத்துப்போயிற்று. ஆகையால் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆராதனைக்கும் மைக்கில் புது ஒன்பது வோல்ட் பேட்டரி போடுவோம். ஒரு மணி நேரம் ஓடியதைக் கழற்றி, பின்னறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவோம். திரும்பப் போடப் பயம். எறிய மனசு வராது. அலமாரிச் சாவி என்னிடம்.

"சார், அந்த டின்ன ஒண்ணு தருவியளா?" என்று ரெனிஷா கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். தரையில் கொட்டினால் பெரிய குவியல். அவள் ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தாள். மீரான் நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டும் அநேகமாக ஒத்துப்போயின.

ட்யூனருக்கு ஒரு பேட்டரி, ஃபஸ்ஸுக்கு ஒரு பேட்டரி. ஃபஸ்ஸுக்குப் பாதி தீர்ந்த பேட்டரிதான் ருசியாம். அவள் வேண்டுமென்றே சோர்ந்த ஒன்றைப் பொறுக்கினாள். டிலேக்குப் பசி அதிகம், சின்ன பேட்டரி தாங்காது. அதனால் அடாப்டரை முழுசாக அதற்கே விட்டுவிட்டாள். பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், ஆலயத்தில் மூன்றையும் பொருத்தி ஆம்பிளிஃபயரைப் போட்டாள்.

ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததற்காக நான் கைதட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

5

மதியம் மூன்று மணிக்கு, அவசரத்தில் இருந்த மீரான் கை தவறி ஒரு தப்பான அடாப்டரை—

(சார். மீரான் காக்கா மேல பழி போட்டா நான் இனி ஒரு பக்கமும் வாசிக்க மாட்டேன்.)

5 (மறுபடியும்)

மதியம் மூன்று மணிக்கு, யாருடைய கை என்று சொல்ல முடியாத ஒரு கை—

(மன்னிப்புக் கடிதத்துலயும் இதத்தான எழுதினீங்க?)

5 (கடைசி முறை)

என் கை.

மீரானும் ரெனிஷாவும் டெம்போவிலிருந்து ஸ்பீக்கர் இறக்க வெளியே போயிருந்தார்கள். போகிறபோது அவள் டிலேயின் அடாப்டரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துவிட்டுப் போனாள். நான் தனியாக நின்றேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. எனக்கு அந்தப் பெட்டியைக் காலால் மிதித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

மிதித்தேன், விளக்கு எரியவில்லை. ஒயர் தேடினேன். எங்கள் ஆலயத்துக்கு முதலில் வந்த சாமான் கீபோர்டு. அதனால் கறுப்பாகச் சின்னதாக எந்த அடாப்டர் கிடந்தாலும் அதற்கு எங்களிடம் ஒரே பெயர், கீபோர்டு அடாப்டர். எல்லாம் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். கீபோர்டுக்கு அடியில் கிடந்த ஒன்றை எடுத்துச் சொருகினேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. பன்னிரண்டு வோல்ட், நடுவில் பிளஸ்.

விளக்கு வரவில்லை. வாசனை வந்தது.

பிடுங்கிப் பழைய இடத்தில் வைத்தேன். அவர்கள் திரும்பி வந்ததும் மீரான் மூக்கை உறிஞ்சினார். "யாரு தொட்டா?" என்றார். ரெனிஷா தன் அடாப்டரைச் சொருகி மிதித்தாள், மறுபடி மிதித்தாள். விளக்கு எரியவில்லை. டிலே இல்லாமல் அந்த எட்டு வரியை வாசித்தால் அது மொட்டையாக நிற்கும் என்று எனக்கும் தெரியும்.

"தெரியல்லியே," என்றேன் நான்.

வகுப்பில் எத்தனை பையன்களை இதே வார்த்தைக்காக முழங்காலிட வைத்திருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

6

ஆலய வாசற்படியில் உட்கார்ந்து மீரான் பெட்டியின் முதுகைத் திறந்தார். ஒயர் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் உருப்படி, கருகிக் கிடந்தது.

"டயோடு. வாசல்ல நிக்க காவல்காரனாக்கும் இவன். கரண்டு தலகீழா வந்தா தான் செத்து, உள்ள உள்ளவனக் காப்பாத்துவான்."

"அப்ப உள்ள ஒண்ணும் ஆகல்லியா காக்கா?"

"இரு, பைய பாப்போம்."

கட்டரால் அந்தக் கருகலை நறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்தார். ரெனிஷா அடாப்டரைச் சொருகினாள். நீல விளக்கு எரிந்தது. அவள் "அம்மோ!" என்று கத்தினாள், ரோட்டில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"ரொம்பத் துள்ளாத மக்கா," என்றார் மீரான். "இனி காவல் கெடையாது. புது டயோடு வைக்கதுக்குள்ள ஒரு தடவ மாறிப்போனா அம்புட்டுதான்."

ரெனிஷா பையிலிருந்து ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரைக் கிழித்து அந்த ஓட்டைக்கு மேலே ஒட்டினாள். பேனாவால் பெரிதாக எழுதினாள்: "ஒன்பது வோல்ட். நடு மைனஸ். சார் தொடப்பிடாது."

மூன்றாவது வாக்கியத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். மீரான் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் டெம்போ பக்கம் போய்விட்டார்.

7

பண்டிகை ஞாயிறு. ஆலயம் நிரம்பி வெளிப் பந்தலிலும் ஆட்கள். பிரசங்கம் முடிந்தது. மௌன ஜெபம்.

முன்வரிசையில் ஞானையன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காதை ஆம்பிளிஃபயருக்கு நேராக வைத்திருந்தார். நான் ஜெபிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறிகள். ஒரு குழந்தையின் கொலுசு. வளைவில் பஸ் ஹாரன். இரண்டாவது நிமிடம். ரெனிஷாவின் காலடியில் மூன்று விளக்குகளும் எரிந்து—

(ரெண்டுதான். ஃபஸ்ஸ அணச்சிருந்தேன். டிலேய வேணும்னே அணைக்கல்ல.)

இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அணைத்துவிட்டு ஜெயிக்க அவளுக்கு விருப்பமில்லை. எந்தப் பெட்டி இரைந்ததோ அதையே எரியவிட்டு நின்றாள். மூன்று. நான்கு. யாரோ இருமினார்கள். ஐந்து. "ஆமென்."

ஒரு பொட்டு இரைச்சல் இல்லை! எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. செயலாளர் கத்தக் கூடாது.

பிறகு பாட்டு. கடைசி எட்டு வரிக்கு அவள் ஃபஸ்ஸை மிதித்தாள். முதல் சுரம் எழுந்து பின்சுவர்வரை போய்த் திரும்பியது. அது தேய்வதற்குள் அடுத்ததைப் போட்டாள், பழையதும் புதியதும் தோள்மேல் கைபோட்டு நடந்தன. ஏழாவது வரியில் பாடகர் குழுவே பாட்டுப் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. எட்டாவதில் அவள் கையை எடுத்துவிட்டாள். சத்தம் மட்டும் இன்னும் நான்கு தடவை வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஜலதோஷம் என்றேன்.

இங்கேயே முடித்திருப்பேன். நல்ல இடம். ஆனால் ஞானையன் எழுந்து வந்தார்.

8

ஆராதனை முடிந்து, கமிட்டி ஏழு பேரும் ஆலயத்துக்குள்ளேயே நின்றோம். ஞானையன் நேராக ரெனிஷாவிடம் போனார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி ரெனிஷா, கொள்ளாம்! அந்தப் பெட்டி ஒண்ணும் போடாம வாசிச்சா எவ்வளவு சுகமா இருக்கு, பாத்தியா? கடசில நாலு மட்டம் திரும்பிக் கேட்டுதே, அது நம்ம கோயில் சுவருக்க எதிரொலியாக்கும். பழய கட்டடம்லா!" என்னைப் பார்த்துத் திரும்பினார். "தீர்மானம் எழுதும் ஓய். கிட்டார் இருக்கட்டு. பெட்டி வேண்டாம்."

இரைச்சலை அவள் அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தாள். பெட்டியில்தான் கோளாறு என்று கேள்விப்பட்டிருந்தவர், பெட்டியே இல்லை என்று நம்பிவிட்டார்.

முடிவு அ: ரெனிஷா புன்னகைத்து நன்றி சொல்கிறாள். இனிமேல் பெட்டிகளின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிடுகிறாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

(நான் எதுக்கு ஒளிக்கணும்?)

முடிவு ஆ: செயலாளர் முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, உண்மையைப் பற்றி ஓர் அரிய உரை—

(நீங்களா சார்?)

நடந்தது இதுதான். ரெனிஷா கிட்டாரை மறுபடி மாட்டிக்கொண்டாள். "மாமா, ஒரு நிமிசம் இங்க வாங்க. இதுல கால வையுங்க," என்றாள்.

"எதுல?"

"இந்தப் பெட்டியில. காலையில இருந்து எரிஞ்சிட்டுதான் கெடக்கு. மிதிங்க, அணையும்."

ஞானையன் குனிந்து நீல விளக்கைப் பார்த்தார். பிளாஸ்டரில் எழுதியிருந்ததைப் படித்தார். "அப்ப இது ஜெபத்துலயும்..." என்று தொடங்கி நிறுத்தினார். வெறுங்காலின் பெருவிரலால், குளத்து நீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல மிதித்தார். விளக்கு அணைந்தது. அவள் ஒரு சுரம் வாசித்தாள். அது ஒரு தடவை ஒலித்து நின்றது. சுவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை.

"இப்ப மிதிங்க."

மிதித்தார். அதே சுரம். அது போய், வந்து, போய், வந்து, மேற்கூரையில் தேய்ந்து மறைந்தது. மூன்றாவது தடவை யாரும் சொல்லாமலே அவர் அணைத்தார். பிறகு மறுபடி போட்டார்.

"இன்னும் ஒண்ணு வாசி மோளே," என்றார். குரல் தணிந்திருந்தது.

அவள் வாசித்தாள். நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் போய் நின்றேன். "என்ன எழுத அண்ணே?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார், காலை எடுக்கவில்லை.

"பொறும் ஓய். இன்னும் கேக்குது."

தீர்மானம் எழுத வேண்டிய வரி அந்தப் பக்கத்தில் இன்றும் காலியாகத்தான் கிடக்கிறது. அதற்குக் கீழே ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து ஞானையனுடையது. மேலே என்ன எழுதுவது என்பது இனி உங்கள் பாடு.